ஆடி வெள்ளியில் சங்கத்துத் தண்ணீர்ப் பந்தல்

என் வயதுக்காரர்கள் இதைப் படித்தால், ஒரு கையால் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டுதான் படிப்பீர்கள். படியுங்கள், அவசரம் ஒன்றுமில்லை. உங்களில் ஆரணிக்காரர்கள் இருந்தால் சங்கத்துக் கூடத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஓட்டுக் கட்டடம், முன்னால் வாலிபால் மைதானம், உள்ளே இரண்டு கேரம் போர்டு, நடுவில் மூங்கில் குச்சியில் மாட்டிய செய்தித்தாள். பெயர்ப்பலகையில் கிறிஸ்தவ இளைஞர் தொண்டுச் சங்கம் என்று நீளமாக எழுதியிருக்கும். ஊரில் அவ்வளவு நீளத்துக்கு யாருக்குப் பொறுமை? நெசவாளர் கூட்டுறவைச் சொசைட்டி என்போம். சங்கம் என்றால் இதுதான்.

நான் எட்டாவதோடு நின்றவன். தறியில் உட்கார்ந்து, பெண்களைக் கட்டிக் கொடுத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றி, இப்படியே வயதாகிவிட்டது. எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் ஒரு ஆடி மாதத்தைப் பற்றி எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த மாதம் நான் படவேட்டு அம்மன் மேல் பொய்ச் சத்தியம் செய்தேன். ஒரு நல்ல சிநேகிதனை இழக்கவும் இருந்தேன்.

சங்கத்துக்கு எங்கள் தெருப் பையன்கள் போனது விளையாட்டுக்காக. எங்கள் தெருவில் எந்த வீட்டில் நுழைந்தாலும் தறி, பாவு, பட்டு வேகவைக்கிற வாசனை. காலை நீட்ட இடம் கிடையாது. சங்கத்தில் மைதானம் இருந்தது. மூலையிலிருந்த கேரம் போர்டில் பவுடர் போட்டால் ஸ்ட்ரைக்கர் தண்ணீரில் மீன் போவது போலப் போகும். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்த இடத்தில் இப்போது மொபைல் கடை.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்குச் சங்கத்தின் மேல் சந்தேகம். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் தறிக்குழியில் இருந்தபடியே தலையைத் தூக்கிப் பார்ப்பார். என் முகத்தை இல்லை, நெற்றியை.

"திருநீறு கீதா?"

"கீது நைனா."

"இன்னிக்கு இன்னா சொல்லிக் குடுத்தாங்க?"

"ரெண்டு கருப்பு ஒரே அடியில போடறது எப்டின்னு."

"ஆரம்பத்துல அப்டித்தான் இருக்கும்," என்பார் நைனா.

அவர் பயந்தது நடக்கவே இல்லை. சாயந்திரம் கூடம் மூடும்முன் சின்ன ஜெபம் உண்டு. செகரட்டரி சார் கதவருகே நின்று, "போறவங்க போகலாம், இருக்கிறவங்க இருக்கலாம்," என்பார். போகிறவனை முறைக்கவும் மாட்டார், இருக்கிறவனைத் தட்டிக் கொடுக்கவும் மாட்டார். ஜெபம் முடிந்து சுண்டல் கொடுப்பார்கள் என்பதால் நாங்கள் பெரும்பாலும் இருப்போம்.

செகரட்டரி சார் மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். ஒல்லியாக இருப்பார். சின்னப் பையனையும் 'தம்பி, வாங்க' என்றுதான் கூப்பிடுவார். வருஷத்துக்கு ஒரு தடவை ஆண்டு விழாவில் சங்கத்தின் சரித்திரத்தை வாசிப்பார். ஒவ்வொரு வருஷமும் அதே நோட்டு, அதே வார்த்தைகள். எங்களுக்கு மனப்பாடமாகி, அவர் தும்மினால் அடுத்த வரியை நாங்கள் சொல்லிவிடுவோம்.

அந்தச் சரித்திரம் இதுதான். நாங்கள் பிறப்பதற்கு ரொம்ப முன்னால் ஆற்றோரத் தெருக்களில் வாந்திபேதி வந்தது. மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர், வாத்தியார் ஒருவர், அரிசி மில் குமாஸ்தா ஒருவர், மூன்று பேரும் கல்யாணமாகாத பையன்கள். கொதிக்கவைத்த தண்ணீர் கொடுத்தால் ஜனம் பிழைக்கும் என்று கம்பவுண்டர் சொன்னார். அவ்வளவு தண்ணீரை எதில் கொதிக்கவைப்பது? குமாஸ்தா முதலாளி காலில் விழுந்து, நெல் அவிக்கிற அண்டாக்களைக் கேட்டு வாங்கினார். மூன்று பேரும் தெருத்தெருவாகத் தண்ணீர் சுமந்தார்கள். வியாதி போன பிறகும் அவர்களுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. சங்கம் வைத்தார்கள். விளையாடு, படி, அடுத்தவனுக்காக ஓடு. இந்த மூன்றுதான் சங்கத்தின் வேலை என்று முதல் நோட்டில் எழுதிவைத்தார்கள். கடைசி வரியைச் செகரட்டரி சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசிப்பார்: "அன்றைக்கு யாரும் இது யார் மொண்ட தண்ணீர் என்று கேட்கவில்லை."

நாங்கள் கைதட்டுவோம். சுண்டல் வரும்.

என் ஜோடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேரமில் இரட்டையர் ஆட்டத்துக்கு எதிரெதிரே உட்காருகிறவனை ஜோடி என்போம். என் ஜோடி காலனிப் பையன். அவன் அப்பா மிஷன் பள்ளியில் மணி அடிக்கிறவர். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. ஆனால் வாய் அவனுக்கு இரண்டு பேருக்கு இருக்கும்.

"நெசவுக்காரன் வெரலு நூலுக்குத்தான்டா லாயக்கு. ஸ்ட்ரைக்கரப் பார்த்து பயப்படுது பாரு."

"நீ ஒழுங்கா ரெட்டப் போடு. அப்புறம் பேசு."

"ரெட்டு என்னப் பார்த்தாலே தானா வந்து விழும். சொந்தக்காரன் மாதிரி."

சிவப்புக் காய் உண்மையிலேயே விழும். அந்த வருஷம் எங்கள் ஜோடியைப் பெரிய பையன்களே ஜெயிக்க முடியவில்லை. ஆனால் நான் அவன் வீட்டுக்குப் போனதில்லை. அவனும் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. ஏன் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டதும் இல்லை. சங்கத்துப் படிக்கட்டோடு எங்கள் சிநேகிதம் முடிந்துவிடும், மறுநாள் அங்கேயே ஆரம்பிக்கும்.

ஆடி பிறந்தது. ஆடி வெள்ளிகளில் படவேட்டில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சந்தவாசலில் பஸ்ஸை விட்டிறங்கி, மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக ஜனங்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். வழியில் நிழல் குறைவு, தண்ணீர் அதைவிடக் குறைவு. அந்த வருஷம் செகரட்டரி சார் ஒரு நாள், "தம்பிகளா, நாம அங்க ஒரு தண்ணீர்ப் பந்தல் வைப்போம்," என்றார்.

மறுநாளே சர்ச்சு மூப்பர் குடையோடு கூடத்துக்கு வந்துவிட்டார். நாங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டோம்.

"விக்கிரகத் திருவிழாவுக்கு நாம தண்ணி ஊத்தறதா? இன்னா வாத்தியாரே இது?"

"ஐயா, தாகத்தோட வர்றவங்களை நிறுத்தி, எந்தக் கோயிலுக்குப் போறீங்கன்னு கேட்டுட்டா ஊத்த முடியும்?"

"சரி, கூடவே ரெண்டு நோட்டீஸாவது குடுங்க. வேத வசனம் போட்டு."

"ஒரு கையில செம்பு, ஒரு கையில பானை மூடி. நோட்டீஸுக்குக் கை ஏதுங்க?"

மூப்பர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். வெளியே மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

எங்கள் வீட்டிலும் அதே கேள்வி, வேறு பக்கத்திலிருந்து. "அவங்க இன்னாத்துக்கு நம்ம அம்மனுக்குத் தண்ணி ஊத்தணும்? இதுல இன்னாவோ கீது," என்றார் நைனா. அம்மாதான், "அம்மன் ஜனத்துக்கு எவன் ஊத்துனா இன்னா, புண்ணியந்தானே, போகட்டும் விடு," என்று எனக்கு வழி விட்டாள். பந்தல் வைக்கிற வெள்ளிக்கிழமை அவளுக்கும் வேண்டுதல் இருந்தது. சந்தவாசலிலிருந்து பொங்கல் பானையைத் தலையில் வைத்து நடந்து வருவதாக.

பந்தல் போட்ட இடம் ஒரு வாழைத் தோப்பின் ஓரம். தோப்புக்காரர் பம்ப்செட்டிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். சங்கத்துப் பையன்களில் யார் யார் எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியும். "மோட்டாரு ஓடும். தொட்டி ரொம்பும். யாரு குடம் வெக்கறாங்கன்னு நான் பார்க்கறதில்ல, எனக்குக் களை எடுக்கற வேலை கீது," என்று சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார். அவரை அப்போது நல்லவர் என்று நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

சங்கத்து முறைப்படி தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் கொடுக்க வேண்டும். காலனிப் பையன்கள் முந்தின ராத்திரியே செகரட்டரி சாரோடு போய்விட்டார்கள்; எங்கள் தெருப் பையன்கள் முதல் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது, விடிவதற்கு முன்பே அண்டாவில் ஒரு சுற்றுக் கொதித்து, மண்பானைகளுக்கு மாறி, ஈர மணலில் குளிர்ந்துகொண்டிருந்தது. பானையில் வெட்டிவேர் போட்டிருந்தோம். எல்லோர் கையிலும் சங்கத்து நீலப் பட்டி. டம்ளர் கிடையாது. ஜனங்கள் கையேந்தினால் செம்பால் ஊற்றுவோம்.

முதல் ஒரு மணி நேரம் ஒருவரும் கையேந்தவில்லை.

வருவார்கள். பானையைப் பார்ப்பார்கள். நீலப் பட்டியைப் பார்ப்பார்கள். பிறகு எங்கள் முகங்களை வரிசையாகப் பார்ப்பார்கள். ஒரு பெரியவர் நேராகவே கேட்டார்: "எந்த ஆளுங்கப்பா இது?" செகரட்டரி சார் சங்கத்தின் பெயரை முழு நீளத்துக்கும் சொன்னார். பெரியவர் "ஓகோ" என்றார். நடந்துவிட்டார். அவர் உதடு வெடித்திருந்தது.

செகரட்டரி சார் துண்டால் முகத்தைத் துடைத்தார். வெயில் ஏறியது. கைக்குழந்தையோடு ஒருத்தி மயங்கி உட்கார்ந்தாள். அவளை அழைத்து வந்தவர்கள் எங்கள் பானையைப் பார்த்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டே போனார்கள். அதற்கப்புறம்தான் செகரட்டரி சார் ஒரு முடிவுக்கு வந்தார். தோப்பிலிருந்து ஒரு ஓலைத் தட்டியை வாங்கி, பானைகளுக்கும் அடுப்புக்கும் நடுவில் கட்டினார். எங்கள் தெருப் பையன்கள் மூன்று பேரையும் முன்னால் நிறுத்தினார். என் நெற்றியில் நைனா காலையில் பட்டை பட்டையாகப் பூசி அனுப்பிய திருநீறு.

என் ஜோடியிடமும் மற்றக் காலனிப் பையன்களிடமும், "தம்பிகளா, நீங்க கொஞ்சம் பின்னாடி அடுப்பைப் பார்த்துக்கோங்க," என்றார். அவர் குரல் என்னவோ போல இருந்தது. "தண்ணி உள்ள போகணும். அதான் நமக்கு முக்கியம்."

"சரிங்க சார்," என்றான் ஜோடி. எப்போதும் வாயாடுகிறவன், ஒரு கேலிகூடப் பண்ணவில்லை. அதுவே எனக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். படவில்லை.

தட்டி கட்டிய கொஞ்ச நேரத்தில் ஜனம் மொய்த்தது. என் நெற்றியைப் பார்த்துக் கையேந்தினார்கள். "மகராசனா இரு," "அம்மன் உன்னக் காப்பாத்துவா," என்று போகிறவர்கள் எல்லாம் வாழ்த்தினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பானை காலியாகக் காலியாகத் தட்டிக்குப் பின்னாலிருந்து வேறு பானை வந்தது. கொண்டுவந்து வைக்கிற கை மட்டும் தெரியும்.

அப்போது மஞ்சள் புடவைக்காரி ஒருத்தி வந்தாள். வயதானவள், கையில் வேப்பிலைக் கொத்து. குனிந்து கையேந்தியவள், சட்டென்று நிமிர்ந்தாள்.

"பந்தலு சங்கத்துக்காரங்களுதுன்னு சொல்றாங்களே. யாரு மொண்ட தண்ணிடா இது?"

"நாங்கதான் ஆயா மொண்டோம்."

"நீங்கன்னா?"

"நாங்க மூணு பேரு. நெசவுக்காரத் தெரு."

"பொய்யி சொல்லக்கூடாது. விரதத்துல கீறேன். அம்மன் மேல சத்தியமா சொல்லு."

வரிசை காத்திருந்தது. செகரட்டரி சார் கேட்டாரா இல்லையா தெரியாது, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான், "அம்மன் மேல சத்தியமா," என்றேன். அவள் மூன்று செம்பு குடித்தாள்.

தட்டிக்குப் பின்னால் விறகு உடைக்கிற சத்தம் நின்றது.

பானை மாற்றுகிற சாக்கில் நான் பின்னால் போனேன். ஜோடியின் கண் புகையில் சிவந்து கிடந்தது.

"யாரு மொண்டாங்களாம்?" என்றான்.

நான் காலிப் பானையைக் கீழே வைத்தேன்.

"கையக் காட்டுடா."

"எதுக்குடா?"

"காட்டுடான்றேன்."

நீட்டினேன். அவனும் தன் கைகளை என் கைகளுக்குப் பக்கத்தில் நீட்டினான். விடிகாலையிலிருந்து குடம் தூக்கி அவன் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. ஒரு விரலில் அடுப்புச் சூடு பட்டுக் கொப்புளம். என் கையில் வெட்டிவேர் வாசனை மட்டும் இருந்தது.

"இனிமே கேரமுக்கு வேற ஆளப் பார்த்துக்க," என்றான். குடத்தை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டான்.

நான் முன்னால் வந்து நின்றேன். அம்மன் என்ன செய்வாள் என்ற பயம் ஒரு பக்கம். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்தப் பயத்தைவிட அவன் சொன்னதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மனிதனுக்குப் பன்னிரண்டு வயதில் தெய்வத்தைவிட ஜோடி பெரியவன்.

அந்த நேரத்தில்தான் அம்மா வந்தாள். தலையில் பானை, பின்னால் எங்கள் தெருப் பெண்கள் நாலைந்து பேர். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "டேய் கண்ணு, ஊத்துடா ஜல்தி. தொண்ட ஒட்டிக்கிச்சு," என்று பானையை இறக்கிவிட்டுக் கையேந்தினாள்.

அவள் ஒன்றுமே கேட்கவில்லை. நான் சும்மா ஊற்றியிருக்கலாம்.

"அம்மா, இது நான் மொண்டதில்லம்மா," என்றேன். "என் ஜோடி மொண்டது. காலனிப் பையன். காலைலேர்ந்து எல்லாம் அவங்கதான் மொண்டுகினு கீறாங்க. நாங்க ஊத்தறது மட்டும்தான்."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். எங்கள் தெருப் பெண்கள் அம்மாவையே பார்த்தார்கள். அம்மா ஏந்திய கையை மெல்ல இறக்கினாள். என் காதருகே குனிந்து, அழுகிற குரலில் கேட்டாள்: "ஏன்டா சொன்ன? சொல்லாம இருந்திருந்தா குடிச்சிட்டுப் போயிருப்பேனே."

பானையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கோயில் பக்கம் நடந்துவிட்டாள்.

ரொம்ப நாள் அம்மாவை இதற்காக மனதுக்குள் குறை சொல்லியிருக்கிறேன். இப்போது என்னால் முடிவதில்லை. குடிக்க அவளுக்குத் தடை இல்லை. குடித்துவிட்டுத் திரும்பிப் போகத் தெரு ஒன்று இருந்தது.

மதியம் சாய்ந்திருக்கும். பந்தலில் ஆள் குறைந்து, நான் பின்னால் அடுப்பருகே செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நின்றிருந்தேன். ஜோடி என்னைப் பார்க்காமல் தணலைக் கிளறிக்கொண்டிருந்தான். வாழைத் தோப்பைச் சுற்றிக்கொண்டு அம்மா வந்தாள், தனியாக. தரிசனம் முடிந்த குங்குமம் வியர்வையில் வழிந்திருந்தது.

"நீதான் இவன் ஜோடியா?" என்றாள் அவனிடம்.

"ஆமாங்க."

"கொஞ்சம் ஊத்துப்பா. இங்க யாரும் இல்ல."

ஜோடி நிமிர்ந்தான். அவன் திட்டுவான் என்று நினைத்தேன். அவன் மரியாதையாகத்தான் சொன்னான்:

"இது அடுப்படிங்க. பந்தலு முன்னாடி கீது. அங்க வாங்க, ஊத்தறேன்."

"முன்னாடி எங்க தெருப் பொம்பளைங்க உக்காந்துகினு கீறாங்கடா."

"அவங்களுக்கும்தான் தாகமா இருக்கும்."

அம்மா முந்தானையால் வழிந்த குங்குமத்தைத் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ரொம்பத்தான் பேசறான்டா உன் ஜோடி," என்றாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வந்த வழியே சுற்றி முன்னால் நடந்தாள்.

ஜோடி கைகளை டவுசரில் துடைத்தான். செம்பை எடுத்துக்கொண்டு தட்டியைத் தாண்டி வந்து நின்றான். செகரட்டரி சார் ஓரமாக நகர்ந்து அவனுக்கு வழி விட்டார். அம்மா கையேந்தினாள். அவன் ஊற்றினான். முழங்கை வழியாகத் தண்ணீர் ஒழுக ஒழுக அவள் நிறுத்தாமல் குடித்தாள். ஒரு செம்பு, இரண்டு செம்பு.

"இன்னாக்கா இது?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னா இன்னா? தண்ணி," என்றாள்.

அதற்குப் பிறகு எல்லோரும் ஓடிவந்து குடித்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஒரே ஒருத்தி குடித்தாள், அதுவும் நாலு பக்கமும் பார்த்துவிட்டு. மற்றவர்கள் எழுந்து போனார்கள். அன்று சாயங்காலம் நாலு பானைத் தண்ணீர் மீந்து, வாழைக்கு ஊற்றினோம். ஆனால் செகரட்டரி சார் தட்டியின் முடிச்சுகளைத் தானே அவிழ்த்து, அதை விறகின் மேல் போட்டார். என் ஜோடியிடம் வந்து, "தப்புப் பண்ணிட்டேன் தம்பி," என்றார். ஒரு வாத்தியார் ஒரு பையனிடம் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அந்தச் சங்கத்தில் என்னத்தைக் கற்றுக்கொண்டாய் என்று நைனா மறுபடி கேட்டிருந்தால், அதைச் சொல்லியிருப்பேன். நைனா கேட்கவில்லை. விஷயம் அவர் காதுக்கு எட்டி, ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. அம்மாவும் அதற்காகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை, நிம்மதியாகத் தறிக்குத் தார் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. பஸ்ஸில் ஜோடி கடைசி சீட்டில் அண்டாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் நகரவில்லை, திரும்பவும் இல்லை.

"தப்புதான்டா," என்றேன்.

அவன் அண்டாவின் விளிம்பில் ஒட்டியிருந்த கரியைச் சுரண்டினான். பிறகு, "சத்தியம் வேற பண்ணியே. இப்ப இன்னா ஆவும் உனக்கு?" என்றான்.

"தெரியலடா."

"கண்ணு போயிடுமா?"

"போனாலும் போவும்."

"பயமா கீதா?"

"கீது," என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவன் யோசித்தான். அண்டாவை முட்டியால் முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, கொப்புளக் கையை மற்றக் கையோடு சேர்த்து, கண்ணை மூடினான். பஸ் குதிக்கிற குதியில் அவன் தலை கம்பியில் இடித்துக்கொண்டே இருந்தது.

"ஆண்டவரே," என்றான், "இவன் படவேட்டு அம்மன் மேல பொய்ச் சத்தியம் பண்ணிட்டான். கூட்டத்துல பயந்துட்டான். அவங்க இவன்மேல கோவிச்சுக்காம இருக்கறதுக்கு, நீங்க அவங்ககிட்ட கொஞ்சம் சொல்லுங்க. ஆமென்."

கண்ணைத் திறந்து, "போதுமா?" என்று கேட்டான்.

நான் இன்றைக்கும் ஆடி வெள்ளி தவறாமல் படவேட்டுக்குப் போகிறவன். கண் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது, இதைக்கூடக் கண்ணாடி இல்லாமல்தான் எழுதுகிறேன். அம்மன் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. யாருடைய சிபாரிசு என்று எனக்குத் தெரியும்.